திருவனந்தபுரத்தின் ஆறு ஓவிய அச்சுகள்: தக்கலையிலிருந்து ஒரு மதிப்புரை

திருவனந்தபுரத்தின் பழம்பெரும் கட்டடங்களை வரைந்து, நல்ல தாளில் அச்சிட்டு, ஆறு படங்கள் கொண்ட தொகுப்பாக விற்கும் ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து சென்ற மாதம் 2,700 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். தக்கலைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அப்படியொன்றும் வெளியூர் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை எங்கள் தலைநகரம் அதுதான். அதற்கும் முன்னால், 1795 வரை, திருவிதாங்கூரின் தலைநகரம் எங்கள் ஊரை ஒட்டிய பத்மநாபபுரத்தில் இருந்தது. எனவே சுற்றுலா வந்தவரின் கண்ணோடு இந்தப் படங்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆறில் முதலிடம் மேத்தன் மணிக்கே. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி, பழைய மாளிகையின் நெற்றியில் இருக்கும் அந்தக் கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு முகமும், அதன் இரு புறமும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் இருப்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கடாக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து கன்னத்தில் முட்டும். ஓவியர் கடிகார முட்களைச் சரியாக நான்கில் நிறுத்தி, வாயைத் திறந்துவைத்து, கடாக்களின் கொம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு நூலளவு வெள்ளைத் தாளை விட்டிருக்கிறார். அடுத்த கணம் முட்டப்போகின்றன என்பது அந்த வெள்ளைக் கோட்டில்தான் இருக்கிறது. அண்ணாந்தபடி அங்கே காத்து நின்றிருந்தால் அன்றி இப்படி வரையத் தோன்றாது.

பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல இயலவில்லை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், கிழக்கே நின்று பார்ப்பவருக்கு, மறையும் சூரியன் அந்த ஏழு நிலைக் கோபுரத்தின் வாசல்களில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தோன்றி இறங்குவது புகழ்பெற்ற காட்சி. அதை வரைய நினைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும்போது நம் பக்கம் இருக்கும் முகப்பு இருண்டிருக்க வேண்டாமா? படத்தில் நடுப்பகல் வெயில் அடித்தது போலச் சிற்பங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. சூரியனைப் பிறகு ஒட்டவைத்தது போல இருக்கிறது.

குதிரை மாளிகையில் குறை இன்னும் வெளிப்படை. சுவாதித் திருநாள் கட்டிய அந்த அரண்மனையின் கூரைக்குக் கீழே 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். படத்தில் தெரியும் பக்கத்தில் 18 குதிரைகளை எண்ணினேன். பதினெட்டும் ஒரே குதிரை, ஒரே பிடரி, ஒரே கால் மடிப்பு. ஒன்றை வரைந்து கணினியில் நகலெடுத்திருக்கிறார்கள்.

நேப்பியர் அருங்காட்சியகம் நன்றாக வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த சிஷோமே இதையும் வடிவமைத்தார். 1880-இல் கட்டி முடிந்தது. கேரளத்துச் சாய்கூரையும் வண்ண வேலைப்பாடும் ஒன்றையொன்று உறுத்தாமல் பொருந்துவதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. பாளையத்துக் கன்னிமாரா சந்தை வாயில் பரவாயில்லை. கிழக்கேக்கோட்டை படத்தில் ஆட்டோக்களும் ஒரு நாயும்தான். ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, அந்தக் கோட்டைக்குத்தான் போய்ச் சேருகிறாள். அந்த யானையின் வாலையாவது ஓரத்தில் காட்டியிருக்கலாம் என்பது என் ஊர்ப் பாசம். குறையாகக் கணக்கில் வைக்கவில்லை.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள். விரலால் தடவினால் லேசான சொரசொரப்பு தெரிகிறது. எளிதில் வெளுக்காத பிக்மென்ட் மையில் அச்சிட்டிருக்கிறார்கள். குழாயில் சுருட்டி அனுப்பியதால் விறைத்துக்கொண்டு நின்ற தாள்களை மூன்று நாள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துத்தான் நிமிர்த்த முடிந்தது. படங்கள் ஏ3 அளவு, அதாவது ஏறத்தாழ 11.7க்கு 16.5 அங்குலம்; எங்கள் ஊர்ச் சட்டக் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது 12க்கு 18. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வரும் விளிம்பு அட்டை) வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் பகுதியில் தாள் நேராகக் கண்ணாடியைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

கேட்டால் படத்துக்குக் கீழே பெயரைத் தமிழில் அச்சிட்டுத் தருகிறார்கள். எனக்கு வந்ததில் 'குதிர மாளிக' என்றும் 'கிழக்கே கோட்ட' என்றும் இருந்தது. மலையாள எழுத்தை அப்படியே தமிழாக மாற்றியிருக்கிறார்கள். சொன்னதும் மறுப்புச் சொல்லாமல் இரண்டு படங்களையும் திருத்தி மீண்டும் அனுப்பினார்கள், ஆனால் கூரியர் செலவு 140 ரூபாய் என் தலையில் விழுந்தது. தங்கள் பிழைக்கு வாங்கியவரிடம் பணம் கேட்பது முறையல்ல.

தனித்தனியாகவும் வாங்கலாம், படம் ஒன்று 500 ரூபாய். ஆறும் வேண்டாம் என்பவர்களுக்கு மேத்தன் மணியும் அருங்காட்சியகமும் போதும்; குதிரைகளைப் பேருந்து ஏறிப் போய் நேரிலேயே பார்த்துவிடலாம்.