புதுசு என்றால் பாய்பவரும் பதுங்குபவரும்
2016இல் யுபிஐ வந்தது. இன்று மயிலாப்பூர் மாட வீதியில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. ஆனாலும் சென்னையில் இரண்டு கட்சி உண்டு: எது வந்தாலும் உடனே போனில் ஏற்றிக்கொள்பவர்கள், "நமக்கு எதுக்குப்பா வம்பு" என்று ஒதுங்குபவர்கள்.

காசுக் கணக்கு பார்த்தால் முதல் கட்சிக்குத்தான் லாபம். மெட்ரோவில் போனிலேயே கியூஆர் டிக்கெட் எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. கவுன்ட்டரில் காசு நீட்டினால் அது கிடையாது.

பாதுகாப்பு என்று வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. ஆர்வக்காரர் யோசிக்காமல் அழுத்துவார். "பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாரோ சொன்னால் போட்டும் விடுவார். யுபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம்.

சரி, பயப்படுபவர் தப்பிப்பாரா? அதுவும் இல்லை. வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் கும்பல் பிழைப்பதே பயத்தை நம்பித்தான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. அது தெரியாமல், பயந்தவர்கள் வங்கிக்கு நேரில் போயாவது பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். போனில் பணச் செயலி இல்லாதது அங்கே காப்பாற்றுவதில்லை.

என்னைக் கேட்டால் ஆர்வக்காரர் பக்கம்தான் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு. அன்றாடச் செலவுக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய சேமிப்பை யுபிஐயோடு இணைக்கக் கூடாது. அப்புறம், பணம் பறிபோனால் இரண்டு கட்சியும் தாமதிக்காமல் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930.