மஞ்சள் புத்தகம் கையில் இருந்தும் விமானம் ஏற முடியவில்லை

"பயணத் தடுப்பூசிகள் அனைத்தும் ஒரே இடத்தில்" என்று பலகை மாட்டிய ஒரு தனியார் கிளினிக்கை நம்பிப் போய், ஊசிக்குக் கொடுத்த பணம், டிக்கெட், ஒரு வார வேலை மூன்றையும் இழந்திருக்கிறேன்.

போக வேண்டியது கானாவுக்கு. கைக்குழந்தைகளைத் தவிர யாராக இருந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பது தெரிந்ததால், பயணத்துக்கு 12 நாள் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய்விட்டேன். அங்கே 'ஆப்பிரிக்கா பேக்கேஜ்' என்று நான்கு ஊசிகளைத் தலையில் கட்டினார்கள். அதில் ஒன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. அது ஆசியா, மேற்குப் பசிபிக் பக்கம் கொசுவால் பரவுகிற நோய் என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொசு எல்லா ஊரிலும் கொசுதானே என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ!

அதைவிட மோசம், மஞ்சள் காய்ச்சல் ஊசி ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் தயாராக இருந்தது. அந்த மருந்து தூளாக வரும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, போடும் நேரத்தில் கலக்க வேண்டும். கலந்தபின் 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குப்பியைக் காட்டச் சொன்னேன். "நல்ல மருந்துதான் சார், பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்துக் குத்திவிட்டார் ஊசி போடுகிற அம்மா. சான்றிதழாகத் தருகிற மஞ்சள் புத்தகத்தில், மருந்தின் பேட்ச் எண் எழுத வேண்டிய கட்டம் காலி. கேட்டதற்கு, "அதையெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க?"

செக்-இன் கவுன்டரில் இருந்தவர் பார்த்தார். கட்டம் கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து, காலிக் கட்டத்தில் நிறுத்தினார். அப்புறம் முத்திரை. அதில் இருந்தது வெறும் கிளினிக் பெயர். அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் முத்திரை அல்ல. அவ்வளவுதான், பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியலைச் சுகாதாரத் துறையே வெளியிடுகிறது. முதலிலேயே பார்த்திருக்கலாம், சோம்பல். பிறகு அப்படி ஒரு மையத்துக்குப் போனபோது மருத்துவர் முட்டை ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். கிளினிக்கில் என் வயதைக்கூடக் கேட்கவில்லை. குப்பியைக் கண்ணெதிரே திறந்து கலந்தார்கள், பேட்ச் எண்ணை எழுதினார்கள், பாஸ்போர்ட்டோடு பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்பதால், இனி இந்த ஊசிக்காக அலைய வேண்டியதில்லை. ஆனால் மறுபடி 10 நாள் காத்திருந்ததில் நான் போகவேண்டிய கூட்டமே முடிந்துவிட்டது.

பணத்தைக் கேட்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். "மருந்து உடம்புக்குள்ள போயிடுச்சே சார், எப்படித் திருப்பித் தர்றது?" என்றார்கள். உள்ளே போனது என்ன மருந்து என்று கேட்டேன். அடுத்த ஆளை வரச் சொல்லிவிட்டார்கள்.