ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலர்: டைமர் வகையா, சென்சார் வகையா?

ஃபைபர் படகுகளையும் அவுட்போர்டு என்ஜின்களையும் ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். வாடைக்காற்று எழும்பினால் பாக் நீரிணைப் பக்கம் கிடக்கும் படகுகளை மன்னார் வளைகுடாப் பக்கம் மாற்றித் தரச் சொல்வார்கள். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) எழும்பினால் அப்படியே தலைகீழ். இடையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை புதுப் படகு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் வரும். இதற்காக டி-மேக்ஸ் பிக்கப்புக்குப் பின்னால் இரண்டு அச்சு ட்ரெய்லர் ஒன்று கட்டினோம். நான்கு சக்கரத்திலும் மின்காந்த பிரேக். அதை இயக்க வண்டிக்குள் ஒரு கண்ட்ரோலர் வேண்டும். பட்டறையில் இருந்த டைமர் வகையைச் சில வாரம் மாட்டி ஓட்டிப் பார்த்தேன், பிறகு சென்சார் வகையை வாங்கினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

கண்ட்ரோலரே வேண்டாம், ஓவர்ரன் பிரேக் போதும் என்பவர்களும் உண்டு. வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும், அந்த விசையிலேயே அதன் பிரேக் பிடிக்கும். ட்ரெய்லரைப் படகோடு கடலுக்குள் இறக்குகிறவர்களுக்கு அதுதான் சரி, மின்காந்தத்துக்கும் கடல்நீருக்கும் ஆகாது. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. ஆட்கள் சேர்ந்து படகைக் கரையில் இழுத்து ஏற்றுவதால் சக்கரம் நனைவதே கிடையாது. ஆனால் மணலில் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். சக்கரம் புதையும், வண்டி பின்னால் தள்ளும், இணைப்புத் தண்டு அமுங்கி பிரேக் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய் பூட்டுப் பின் போட்டுவிட்டு வர வேண்டும். போதாததற்கு, உப்புக்காற்றில் அந்தத் தண்டே துருவேறி இறுகிவிடும்.

சரி, கண்ட்ரோலருக்கு வருவோம். டைமர் வகைக்கு உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. பிரேக் விளக்கு எரிந்ததும், நீங்கள் வைத்திருக்கும் கெயின் அளவு (ட்ரெய்லர் பிரேக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் என்பது) வரை மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். எத்தனை வேகமாக ஏற்றுவது என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. சென்சார் வகைக்குள் வேகக்குறைவை உணரும் கருவி இருக்கிறது. வண்டி மெல்ல நின்றால் ட்ரெய்லரும் மெல்லப் பிடிக்கும், வண்டி அழுந்த நின்றால் அதுவும் அழுந்தப் பிடிக்கும். விலையில் டைமர் குறைவு. எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம். அதன் நல்ல பக்கம் இவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம், ஏற்றும் வேகம். டைமரில் அதற்கு ஒரே ஓர் அளவுதான் வைக்க முடியும். எங்கள் சாலைக்கோ இரண்டு அளவு தேவைப்படுகிறது.

பாம்பன் சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் திறந்த பாலம், 2.3 கிலோமீட்டர் நீளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க எந்த நேரமும் யாராவது வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஊர்ந்து, நின்று, ஊர்ந்துதான் கடக்க வேண்டும். டைமரை வேகமாக ஏறும்படி வைத்திருந்தால், பெடலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லர் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுக்கும். மேலே கயிறு போட்டுக் கட்டிய படகு முன்னும் பின்னும் ஆடும். கூடவே பிரேக் ஷூ லைனிங்கும் வீணாகத் தேயும். சரி, மெதுவாக ஏறட்டும் என்று குறைத்து வைத்தால் பாலம் சுகமாகக் கடந்துவிடும். அப்புறம் உச்சிப்புளி தாண்டியதும் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டுக்கூட்டம் சாலைக்கு வரும். அழுத்தி மிதிப்பீர்கள். வண்டி பிடித்துவிடும், ட்ரெய்லர் பிரேக் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் படகின் மொத்த எடையும் கொக்கியில் வந்து முட்டுவதை முதுகில் உணரலாம். கண்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க இருக்கும் கைநெம்புகோலை இழுத்துச் சமாளிக்கலாம்தான். ஆடு குறுக்கே வரும் நேரத்தில் எத்தனை பேருக்குக் கை அங்கே போகும்?

சென்சார் வகையில் இந்த இக்கட்டு இல்லை. பாலத்தில் ஊரும்போது அது பட்டும்படாமல் பிடிக்கிறது, ஆட்டுக்கு மிதித்தால் வண்டியோடு சேர்ந்து பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் எதையும் திருகுவதில்லை.

இதே காரணம் மணல் படிந்த தார்ச்சாலையிலும் பேசுகிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலையில், காற்றுக் காலத்தில் மணல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். படகை இறக்கிவிட்டு வெறும் ட்ரெய்லரோடு திரும்பும்போது, டைமர் முழுச் சுமைக்கு வைத்த அளவையே கொடுத்தால் சக்கரம் பூட்டி வால் விலகும். சென்சார் வகையில், வண்டியே வழுக்கி வேகக்குறைவு கம்மியாக இருந்தால் ட்ரெய்லருக்குப் போகும் மின்சாரமும் கம்மி. அதற்காகக் கெயினைத் தொடவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சுமை இறங்கினால் இதிலும் குறைத்தாக வேண்டும். மறந்தாலும் ஓரளவு மன்னிக்கும் என்பதுதான் வித்தியாசம்.

மலைப்பாதையில் நான் இந்த ட்ரெய்லரை இழுத்ததில்லை. எங்கள் பக்கம் ஏற்றம் என்றாலே பாலம் ஏறுவதுதான். அதனால் நீண்ட இறக்கத்தில் எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரே சுமையை ஒரே சாலையில் கொண்டுபோகிறவர், எப்போதாவது மட்டும் இழுப்பவர், டைமர் வாங்கினால் குறை சொல்ல மாட்டேன்.

சென்சார் வகைக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. டெகோன்ஷா பி3 போன்றவை டேஷ்போர்டுக்குக் கீழே, வண்டி போகும் திசைக்கு நேராக மாட்ட வேண்டியவை. திரையில் வோல்ட்டேஜும் பழுதும் தெரியும், அது பெரிய வசதி. ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட்டில் பெட்டியை உள்ளே எங்கே வேண்டுமானாலும் மறைத்துவிடலாம், வெளியே ஒரு குமிழ் மட்டும் தெரியும். திசையை ஆரம்ப ஓட்டத்தில் தானே கற்றுக்கொள்ளும். ஆழ மணலில் ஓட்டுவதற்கு, வேகக்குறைவைப் பார்க்காமல் நாம் வைத்த அளவைக் கொடுக்கும் தனி முறையும் அதில் இருக்கிறது. நான் வாங்கியது இது. கால் இடிக்கிற இடத்தில் பெட்டி தொங்காதது எனக்குப் பிடித்தது.

மாட்டுவதில் நான்கு வயர்தான். கறுப்பு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து சர்க்யூட் பிரேக்கர் (மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. நான்கு காந்தம் (சக்கரத்துக்கு ஒன்று) வரை பெரும்பாலும் 20 ஆம்பியர் பிரேக்கர் போதும், கையேட்டில் போட்டிருப்பதையே வையுங்கள். சிவப்பு, பெடல் சுவிட்சில் மிதித்தால் மட்டும் மின்சாரம் வரும் முனைக்கு. நீலம், பின்னால் 7 முனை சாக்கெட்டுக்கு. வெள்ளை எர்த். இந்த வெள்ளையில்தான் எங்கள் ஊரில் கவனம் வேண்டும்.

“எர்த்தைப் பாடியில கொடுத்துருவோம் தம்பி, எல்லா வண்டிக்கும் அப்படித்தானே?” என்றார் வயரிங் பார்த்த அண்ணன்.

“வேண்டாம்ணே, பேட்டரிக்கே நேரா இழுத்துருங்க. உப்புக்காத்துல போல்ட்டு துருவேறிட்டா பிரேக் பாதியாயிரும்ணே.”

ட்ரெய்லர் பக்கமும் அப்படித்தான். கொக்கிப் பந்து வழியாக எர்த் கிடைக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, சாக்கெட்டில் தனி வயர் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய், சாக்கெட் முனைகளில் கிரீஸ். வயரை முறுக்கி டேப் சுற்றினால் இங்கே உள்ளே பச்சை பூத்துவிடும். எல்லாம் முடிந்ததும் நீல வயரில் ஆம்பியர் அளந்து, எண்ணைக் கதவுக்குள் எழுதி ஒட்டியிருக்கிறேன். 10 அல்லது 12 அங்குல டிரம்மில் ஒரு காந்தம் முழு மின்சாரத்தில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், நான்குக்கும் 12. ஒன்பது காட்டினால் ஒரு சக்கரம் சும்மா உருள்கிறது என்று அர்த்தம்.

எந்தக் கண்ட்ரோலர் வாங்கினாலும் பிரேக்அவே சுவிட்சும் (ட்ரெய்லர் கழன்று ஓடினால் தானே அதன் பிரேக்கைப் பிடிக்க வைப்பது) அதற்கான தனி பேட்டரியும் ட்ரெய்லரில் இருக்க வேண்டும். சுவிட்சின் பின்னை உருவும் கம்பியை வண்டிச் சட்டகத்தில் மாட்டுங்கள், கொக்கியில் வேண்டாம். கொக்கி கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும். அவ்வப்போது பின்னை உருவி, வண்டியால் லேசாக இழுத்து, சக்கரங்கள் பிடிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உடனே திரும்பச் செருகிவிடுங்கள். வெளியே விட்டால் பேட்டரி இறங்கும், காந்தமும் சூடேறும்.