ரைசன் லேப்டாப்பும் பழைய ஜியானும்: ஏற்காடு எஸ்டேட் மேப்பிங்கில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

சேலத்தில் ட்ரோன் சர்வே வேலை செய்கிறோம். பெரும்பாலும் சேர்வராயன் மலை காபி எஸ்டேட்டுகள், நடுநடுவே கீழே குவாரி, லேஅவுட். ட்ரோன் எடுத்த படங்களைச் சேர்த்து ஒரே மேப்பாக்க இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். ஒன்று ஏஎம்டியின் ரைசன் 7 5800எச் ப்ராசசர் போட்ட லேப்டாப். இன்னொன்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் எடுத்த எச்பி இசட்440 வொர்க்ஸ்டேஷன். அதில் இருப்பது ஜியான் இ5-2680 வி4, இன்டெலின் பழைய சர்வர் ப்ராசசர். 2022-லிருந்து இரண்டுக்கும் ஓய்வே இல்லை. "பழைய சர்வர் ப்ராசசர் வாங்கலாமா, நல்ல லேப்டாப்பே போதுமா" என்று தொழிலில் இருக்கும் பலர் கேட்கிறார்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் ஜியான் பெரிய ஆள். 14 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), 35 எம்பி கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி), 120 வாட். ரைசனுக்கு 8 கோர், 16 த்ரெட், 16 எம்பி எல்3 கேஷ், 45 வாட். ஆனால் ஜியான் 2016-ல் வந்தது, ரைசன் 2021-ல் வந்தது. அந்த ஐந்து வருட இடைவெளி சாதாரணமானதில்லை. ஜியானின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், எல்லா கோரும் சேர்ந்து ஓடும்போது என் மெஷினில் 2.9-ல் நிற்கும். ரைசன் 4.4 வரை போகும், அதோடு ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் வேலை முடிக்கும். விளைவு என்னவென்றால், எல்லா கோரையும் பிழிகிற வேலையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஒரு கோரை மட்டும் நம்பியிருக்கும் வேலையில் லேப்டாப் எங்கேயோ போய்விடுகிறது. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஜியான் வாங்குகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் பயன்படுத்துவது வெப்ஓடிஎம், ட்ரோன் படங்களை மேப்பாக்கும் மென்பொருள். ஒரு எஸ்டேட் ஓடும்போது பக்கத்தில் எச்டாப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்று அது பட்டையாகக் காட்டும். படங்களில் அடையாளப் புள்ளிகளைத் தேடும் கட்டத்தில் 28 பட்டையும் நிரம்பி நிற்கும். அடுத்து கேமரா எங்கெங்கே இருந்தது என்று ஒவ்வொரு படமாகச் சேர்த்துக் கணக்கிடும் கட்டம். அங்கே பெரும்பாலான நேரம் ஒரே ஒரு பட்டைதான் ஏறி நிற்கும், மற்ற 27-ம் சும்மா கிடக்கும். எங்களிடம் வேலைக்கு வந்த பையன் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மெஷின் நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டான். நிற்கவில்லை. முந்தைய படம் முடிந்தால்தான் அடுத்த படத்தைச் சேர்க்க முடியும், அதனால் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. அந்தக் கட்டத்தை லேப்டாப் தெளிவாக முன்னால் முடித்துவிடும். அப்புறம் அடர்த்தியான பாயின்ட் கிளவுட் (நிலத்தின் வடிவத்தைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளித் தொகுப்பு) போடும் கட்டத்தில் 28 பட்டையும் மறுபடி நிரம்பும்.

அப்படியானால் ஜியான் எதற்கு? ரேமுக்கு. என் மூன்று வருட அனுபவத்தில் கனமான விஷயம் இதுதான்.

ஏற்காடு எஸ்டேட்டை மேலிருந்து பார்த்தால் காபிச் செடி தெரியாது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, இவற்றின் உச்சி மட்டும்தான் தெரியும். ஒரு மரம் மாதிரியே அடுத்த மரம், காற்றடித்தால் இலை ஆடும், மேகம் வந்தால் பாதியில் இறக்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில் படத்துக்குப் படம் 80 சதவீதத்துக்கு மேல் மேற்பொருத்தம் (ஒரு படத்தில் வந்த இடம் அடுத்த படத்திலும் வருவது) இல்லாவிட்டால் மென்பொருளால் இரண்டு படத்தைப் பொருத்தவே முடியாது. அதனால் படங்கள் குவிந்துவிடும். அதே பரப்பளவுள்ள லேஅவுட்டுக்கு இதில் பாதி போதும். 1500 படத்துக்கு 64 ஜிபி, 2500 படத்துக்கு 128 ஜிபி என்பது வெப்ஓடிஎம் தரப்பே சொல்லும் தோராயக் கணக்கு, எங்கள் அனுபவத்திலும் அது சரியாகவே இருக்கிறது.

என் லேப்டாப்பில் இரண்டே ஸ்லாட். 32-ம் 32-ம் போட்டு 64 ஜிபி, அதோடு முடிந்தது. நடுத்தர எஸ்டேட் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் போனால் பல மணி நேரம் ஓடிவிட்டு, 137 என்ற எண்ணோடு செத்துக் கிடக்கும். ரேம் போதாமல் லினக்ஸ் அதைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். எஸ்எஸ்டியில் ஸ்வாப், அதாவது ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் இடம், ஒதுக்கினால் உயிரோடு இருக்கும், ஆனால் நகராது. எஸ்டேட்டைத் துண்டு போட்டு ஓட்டிப் பிறகு சேர்க்கும் வசதியும் உண்டு. மரங்கள் மூடிய சரிவில் அப்படிச் சேர்த்தால் இணைப்பு வரும் இடத்தில் உயரம் சில சமயம் பிசகுகிறது. காண்டூர் (சம உயரக் கோடு) கேட்கும் எஸ்டேட்காரரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இசட்440-ல் எட்டு ஸ்லாட். 16 ஜிபி குச்சி எட்டுப் போட்டு 128 ஜிபி ஆக்கினேன். மெமரிக்கு நான்கு சேனல் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையே தரவு போகும் பாதை) இருப்பதால் டிடிஆர்4-2400 ஆக இருந்தும் நொடிக்கு 76.8 ஜிபி வரை இழுக்கும். லேப்டாப்பின் 3200 ரேம் இரண்டு சேனலில் 51.2 ஜிபிதான். இன்னொன்று, அது இசிசி ரேம். ஒரு பிட் தடம் மாறினால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். இரவு முழுக்க ஓடும் வேலையில் இது எனக்கு மிகப் பெரிய நிம்மதி.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் எங்கள் அஸ்தம்பட்டி ஆபீஸில் மின்விசிறி மட்டும்தான். லேப்டாப் முதல் சில நிமிடம் 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடும், பிறகு மெல்ல இறங்கி 3.2 பக்கம் வந்து நின்றுவிடும். அதே லேப்டாப்பை 20 ஹேர்பின் வளைவும் ஏற்றி, 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு ரூமில் வைத்து ஓட்டினால் 3.7-ஐ விட்டு இறங்குவதில்லை. ஜியானுக்கு இந்த வித்தியாசமே இல்லை. பெரிய ஹீட்சிங்க், அகலமான பேன், கோடையிலும் அதே 2.9. லேப்டாப் ப்ராசசருக்கு அட்டையில் போட்டிருக்கும் உச்ச வேகத்தை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அரை மணி நேரம் கழித்து எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நீண்ட நாள் சூட்டின் பலன் பேட்டரியில் தெரிந்தது. எப்போதும் சார்ஜரில் செருகியபடியே முழு வேகத்தில் ஓட்டியதில், ஒரு நாள் டச்பேட் அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. பின்பக்கத்தைத் திறந்தால் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. உடனே மாற்றிவிட்டோம். உங்கள் டச்பேடு கொஞ்சம் மேடானது போலத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், அது ஆபத்து.

கரண்ட் விஷயத்தில் ஜியான் தோற்கிறது. முழு வேகத்தில் பெட்டி மொத்தமாக 200 வாட் இழுக்கிறது; பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். லேப்டாப்புக்கு அதில் பாதிகூட ஆகாது. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஜியானுக்கு யூபிஎஸ் கட்டாயம். நல்லவேளையாக வெப்ஓடிஎம்மில் நின்ற கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். மலையில் பறக்கவிட்ட அன்றே லேப்டாப்பில் படங்களின் அளவைக் குறைத்து ஒரு வேகமான ஓட்டம். ஓட்டை விழுந்த இடம் தெரிந்துவிடும், மறுநாள் காலை மேகம் ஏறுவதற்குள் அந்த இடத்தை மட்டும் மறுபடி பறக்கலாம். கீழே வந்ததும் முழுப் படங்களும் ஜியானுக்குப் போய்விடும். படம் வரைவது, க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் எல்லை போடுவது எல்லாம் லேப்டாப்பில்தான். கை வைத்துச் செய்யும் வேலையில் ஜியானின் மந்தம் தெரிகிறது.

ஒரே மெஷின்தான் முடியும் என்றால், குவாரி, லேஅவுட் செய்கிறவர்கள் 64 ஜிபி லேப்டாப் வாங்குங்கள், ஜியான் வேண்டாம். எஸ்டேட், காடு என்றால் பழைய ஜியான்தான் காசுக்கு ஏற்றது.

வாங்கும்போது சில விஷயங்கள். ரேக்கில் வைக்கும் ஒல்லி சர்வரை ஆபீஸுக்குக் கொண்டுவராதீர்கள், பேன் சத்தத்தில் போன்கூடப் பேச முடியாது. டவர் வொர்க்ஸ்டேஷன் எடுங்கள். இந்த ஜியானில் கிராபிக்ஸ் கிடையாது, திரையில் படம் வரவே தனியாக ஒரு கார்டு வேண்டும். விண்டோஸ் 11 இந்த ப்ராசசரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, உபுண்டு போட்டுவிடுங்கள். சர்வர் ரேம் சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது, அதனால் ரேமையும் பெட்டியோடு சேர்த்தே பேசி முடியுங்கள். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு முழு ரவுண்டு ஓடவிட்டுப் பாருங்கள். 128 ஜிபிக்குச் சில மணி நேரம்கூடப் பிடிக்கலாம், சாப்பிட்டுவிட்டு வரலாம். கடைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், எஸ்.பி. ரோட்டில் கடைக்குப் பஞ்சமில்லை.