பழைய கல்லூரி மலர்களை ஸ்கேன் செய்து தரும் தருமபுரிக் கடை

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் உள்ள ஒரு ஸ்கேன், பைண்டிங் கடையில், 1970களின் தொடக்கத்தில் என் தந்தை படித்த கல்லூரியின் ஆண்டு மலர்களைக் கணினிக் கோப்பாக மாற்றவும் பைண்டிங் செய்யவும் கொடுத்திருந்தேன். தைத்த முதுகைப் பிரிக்காமல், மேலிருந்து படமெடுக்கும் கருவியின் கீழ் மலரை விரித்து வைத்தே வேலையை முடித்தார்கள். உதிரும் நிலையிலிருந்த தாள்கள்கூடச் சேதமின்றித் திரும்பின. பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியாதிருக்க ஒவ்வொரு தாளின் அடியிலும் கறுப்புத் தாள் வைத்தது, தொழில் தெரிந்தவர் செய்யும் காரியம்.

சொல் தேடும் வசதிதான் தேறவில்லை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களை மென்பொருள் தவறாகவே படிக்கிறது. அதற்கெனத் தனிக் கட்டணம் கொடுப்பது வீண்.

இம்மலர்களில் நான் பெரிதும் மதிப்பது விவாத மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கைகளை. பட்டிமன்றத்தில் தீர்ப்பு நடுவரின் கையில் இருக்கிறது. அந்த மன்றத்திலோ தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்து, மற்றொருவர் வழிமொழிந்து, எதிரணியினர் மறுத்துப் பேசிய பிறகு, அவையிலிருந்த மாணவர்களே கை உயர்த்தி முடிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதும், வாக்களிக்கும் வயது 21ஆக இருந்ததும் அவர்களுக்குத் தலைப்புகளாயின. தேர்தலில் வாக்களிக்க வயது போதாத புகுமுக வகுப்பு (பட்டப்படிப்புக்கு முன் கல்லூரியில் படித்த வகுப்பு) மாணவரால், அந்தக் கூடத்தில் அரசின் கொள்கையை ஏற்கவும் தள்ளவும் முடிந்தது. நாட்டில் அந்த வயது 18ஆகக் குறைந்தது 1989இல்தான். பென்னாகரம், அரூர்ப் பக்கத்து மாணவர்கள் பேருந்துக்காகப் பாதியில் எழுந்து போவதாக ஓர் அறிக்கை குறைபட்டுக்கொள்கிறது. பரிசுப் பட்டியலில் விடுதி மாணவர்களின் பெயர்களே மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அறிக்கைகளின் ஓரத்தில் வாக்கு எண்ணிக்கையையும், யாருடைய பேச்சு எடுபட்டது என்பதையும் என் தந்தை பென்சிலால் குறித்திருந்தார். மஞ்சளேறிய தாளை வெண்மையாக்கும் அமைப்பை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக வைத்ததால், கோப்பில் அச்செழுத்து பளிச்சென்று விழுந்து, பென்சில் குறிப்புகள் ஏறத்தாழ முழுவதும் காணாமற்போயின. இதைச் சுட்டியதும் கடைக்காரர் மறுபேச்சின்றி அப்பக்கங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வண்ணத்தில், கூடுதல் கட்டணம் வாங்காமல் மீண்டும் எடுத்துக் கொடுத்தார். மன்றக் குழுப் படங்கள் மட்டும் இரண்டாம் முறையும் சரியாகவில்லை. புள்ளிகளால் அச்சான பிளாக் (அச்சுக்கட்டை) படங்களின் மேல் வலைபோன்ற கோடுகள் ஓடுகின்றன.

காலிகோ துணி முதுகுடன் செய்து தந்த தையல் பைண்டிங் உறுதியாக இருக்கிறது. மலரை முழுவதும் விரித்துப் படிக்க முடிகிறது. தைக்காமல் பசையால் ஒட்டும் கம் பைண்டிங் மலிவுதான் என்றாலும், அதற்கு முதுகுப் பக்கத்தை வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் பழைய தாளுக்கு ஏற்றதன்று. கையெழுத்துக் குறிப்புள்ள ஏடுகளைக் கொடுப்பவர்கள், வெண்மையாக்க வேண்டாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.