போனை வைக்காதவளும் வாய் பேசாதவனும்

போன வாரம்தான் ரெக்கார்ட் பிளேயருக்கு பெல்ட் மாற்றிக் கொண்டு வந்தேன். அதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்டார்: "ஓபரா கேட்டுப் பார்க்கணும் சார். ஆனா மூணு மணி நேரமெல்லாம் என்னால உட்கார முடியாது. சின்னதா ஏதாவது இருக்கா?" இருக்கிறது. ஆறு வருஷமாக என் அலமாரியில் இருக்கிறது. வாங்குங்கள் என்று சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

ஓபரா என்றால் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம். என்னிடம் இருப்பது இசையமைப்பாளர் மெனோட்டியின் இரண்டு குட்டி ஓபரா: 'த மீடியம்', 'த டெலிபோன்' இரண்டும் சேர்ந்த இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டு. 1947இல் நியூயார்க் பிராட்வேயில், எத்தல் பாரிமோர் தியேட்டரில் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போட்டு 200 காட்சிக்கு மேல் ஓட்டினார்கள். அங்கே பாடியவர்களை வைத்தே அந்த வருஷம் செய்த பதிவு. வாத்தியக் குழுவை நடத்தியவர் இமானுவேல் பாலபன். ஒலி மோனோதான், ஸ்டீரியோ இல்லை. வாத்தியக்காரர்கள் பதினாலு பேர். ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பதும் அதில் அடக்கம். முதல் மூன்று பக்கம் 'மீடியம்', நாலாவது பக்கம் 'டெலிபோன்'.

என் கோபத்துக்கு வருகிறேன். மீடியம் என்றால் ஆவிகளோடு பேசுகிறவர். அந்தக் கதையில் முக்கியமான ஒரு ஆள் டோபி. வாய் பேச வராத பையன். ஓபரா முழுக்க ஒரு எழுத்து பாட மாட்டான். மேடையில் லியோ கோல்மன் என்ற நடனக்காரர் உடம்பாலேயே அவனை நடித்துக் காட்டினார். சரி, இசைத்தட்டில் அவன் எங்கே இருப்பான்? எங்கேயும் இல்லை! நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். விற்றவர் "முழு செட்" என்று எழுதியிருந்தார். வந்த பெட்டியில் பாட்டுப் புத்தகம் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. ஆக, கிட்டத்தட்ட ஒரு வருஷம் டோபி என்று ஒருவன் இருப்பதே தெரியாமல் இந்த ஓபராவைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் அங்கத்தில் அந்த மீடியத்தின் மகள் மோனிக்கா ஒரு வால்ட்ஸ் (சுழன்று ஆடும் நடனத்துக்கான மெட்டு) பாடுவாள். நல்ல மெட்டு, சமையலறையில் கூட வாயில் வந்துவிடும். அதில் அவளே "மோனிக்கா, மோனிக்கா" என்று தன் பேரைக் கூப்பிட்டு, காதல் சொல்லி உருகுவாள். இந்தப் பெண்ணுக்குத் தன் மேலேயே இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1951இல் மெனோட்டியே இயக்கிய சினிமாவைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எதிரே டோபி நிற்கிறான். அவன் மனசில் இருப்பதை அவனால் சொல்ல முடியாததால், அவனுக்கும் சேர்த்து இவளே பாடுகிறாள். அன்று ராத்திரி தட்டை எடுத்துப் போட்டு அந்தப் பாட்டை மட்டும் நாலு தடவை கேட்டேன். ஒரு வருஷம் முட்டாளாக இருந்திருக்கிறேன் என்ற எரிச்சல் பாதி, மீதி வேறு ஏதோ.

மீடியமான மேடம் ஃப்ளோராவாகப் பாடும் மேரி பவர்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஃப்ளோரா, ஆவியை வரவழைக்கிறேன் என்று காசு வாங்கி ஏமாற்றுகிறவள். ஒரு நாள் இருட்டில் யாரோ கழுத்தைத் தொட்டது போல இருக்க, ஆடிப்போகிறாள். எல்லாம் பித்தலாட்டம் என்று அவளே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வந்தவர்கள் நம்பத் தயாராக இல்லை. செத்துப்போன பிள்ளையின் குரலைக் கேட்டோம், அது எப்படிப் பொய்யாகும் என்கிறார்கள். (1936இல் சால்ஸ்பர்க் பக்கம் ஓர் ஊரில் மெனோட்டி இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மகளை இழந்த தாய் ஒருத்தி அங்கே நம்பியதைப் பார்த்ததுதான் கதைக்கு விதை.)

கழுத்தைத் தொட்டது டோபிதான் என்று ஃப்ளோரா அவனை உலுக்கி உலுக்கிக் கேட்பாள். கேள்வி வரும், அப்புறம் கொஞ்ச நேரம் வாத்தியம் மட்டும். மறுபடி கேள்வி. முன்பெல்லாம் அந்த இடைவெளியில் நான் காபி கலக்க எழுந்து போவேன். இப்போது அங்கேதான் அசையாமல் இருக்கிறேன். அந்த இடைவெளிதான் டோபி. மூன்றாம் பக்கம் முடியும்போது குடிபோதையில் அவள், திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது டோபி என்று தெரியாமல் சுடுகிறாள். ஆவியைக் கொன்றுவிட்டேன் என்கிறாள். பிறகு மெல்லிய குரலில், நீயா அது என்று கேட்கிறாள். என் பிளேயரில் ஆட்டோ ஸ்டாப் கிடையாது. அந்தக் கேள்விக்கு மேல் ஊசி உள்வளையத்தில் கிர்க், கிர்க் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எழுந்து போய் எடுக்க மனசு வராது.

பெல்ட் மாற்றியதில் இன்னொரு சங்கடம். பழைய பெல்ட் தளர்ந்து, வேகம் குறைந்து, பவர்ஸின் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இறங்கியிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை, அதுதான் அவர் குரல் என்று பழகிவிட்டேன். இப்போது சுருதி சரியாக இருக்கிறது, பயம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

'டெலிபோன்' இருபத்துச் சொச்சம் நிமிஷம். லூசியிடம் கல்யாணப் பேச்சு எடுக்க பென் வருகிறான். அவளோ போனை வைத்தபாடில்லை. தோழி மார்கரெட்டிடம் ஊரில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி சௌக்கியம் விசாரிப்பாள். ராங் நம்பர் வரும். இவன் ரயிலுக்கு நேரமாச்சு என்றால், மணி பார்க்க அதற்கும் ஒரு போன் போடுவாள். பென் கத்தரிக்கோலோடு போன் வயரை நெருங்குவது வரை போகிறது. கடைசியில் தெருவில் இறங்கி, பொது போனில் கூப்பிட்டுத்தான் கல்யாணம் கேட்கிறான். லூசியாக மர்லின் காட்லோ. அவர் சிரிப்பதே ஒரு சங்கதி. என் தட்டில் அந்தச் சிரிப்பில்தான் ஒரு கீறல். ஊசி சிக்கி ஹஹ்ஹா, ஹஹ்ஹா என்று சுற்றும். ஒரு தடவை வீட்டுக்கு வந்தவர் அரை நிமிஷம் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அடேயப்பா, என்ன மூச்சு!" என்றார். நான் திருத்தவில்லை.

ஆகவே நண்பருக்கு: வாங்காதீர்கள். பழைய ஒலி, அறுபது மணித்துளி இருட்டு, பாதிக் கதை காதுக்கு எட்டாது. புத்தகம் இல்லாத பெட்டி என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். என்னுடையதைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நாலாவது பக்கம் போடுகிறேன். மூன்றாவது வேண்டுமென்றால் இருட்டின பிறகு இருக்கிற மாதிரி வாருங்கள்.