மூன்று கோடைகளுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆர்சனிக் வடிகட்டி

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. போர் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்தால் விடியும்போது அடியில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும். அந்த இரும்புக்குப் பழகிவிட்ட நாங்கள் ஆர்சனிக் என்ற நஞ்சைப் பற்றி நினைத்ததே இல்லை. அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. வேதியியல் படித்த என் தங்கைதான் வற்புறுத்தி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் தண்ணீரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

“நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போயிற்று” என்றார் அத்தை. அப்படிப் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்சனிக்கின் செறிவு கூடத்தான் செய்யும்.

நாங்கள் வாங்கிய வடிகட்டியில் இரண்டு உருளைகள். முதலாவதில் மணல், அடுத்ததில் இரும்பு ஹைட்ராக்சைடு குருணை. ஆர்சனிக் குருணையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் வேண்டாம், வீணாகும் தண்ணீரும் மிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே இதில் பிடிக்கிறோம். சோறு உலையில் தண்ணீரை உறிஞ்சுகிறது, நீராகாரமும் அதே தண்ணீர்தான். அதனால் அரிசி களைவதிலிருந்தே வடிகட்டிய தண்ணீர்தான்.

பழக்கத்தில் கற்றது ஒன்று. முதல் நாள் மாலையே தண்ணீரைத் தொட்டியில் விட்டுக் காற்றாட வைத்தால், கரைந்திருக்கும் இரும்பு துருவாகிப் படியும்போது ஆர்சனிக்கிலும் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. குருணைக்குப் பாதிச் சுமை குறைந்த மாதிரி. மணலை மட்டும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். இல்லையென்றால் துருச் சேறு அடைத்துக்கொள்ளும்.

என் மனத்தாங்கல் விற்றவர் சொன்ன வாக்கில்தான். “தண்ணீர் வரத்து குறைந்தால் குருணையை மாற்றுங்கள், மூன்று வருடம் தாங்கும்” என்றார். பதினாறாவது மாதம், வரத்து முதல் நாள் போலவே இருந்தபோது, சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். தண்ணீரில் பொடிகளைப் போட்டதும் நுரைத்தது. அதிலிருந்து எழும் வாயு நஞ்சு என்பதால் இதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. மூடியில் செருகிய வெள்ளைத் தாள் துண்டு இருபது நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது. ஆய்வக அறிக்கையும் அளவு 10-ஐத் தாண்டியதை உறுதி செய்தது. எத்தனை நாள் அந்தத் தண்ணீரில் குழந்தைகளுக்குச் சோறாக்கினோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வரத்து குறைவது அடைப்பைத்தான் காட்டும். குருணை நிரம்பியதைச் சோதனை மட்டுமே காட்டும். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கிறோம்: வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன், வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும்போது ஒன்று, தை அறுவடை முடிந்ததும் ஒன்று.

தீர்ந்துபோன குருணையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, எருக்குழியில் கொட்டச் சொன்னார் அதே விற்பனையாளர். அந்தக் குழியின் எருதான் எங்கள் வயலுக்குப் போகிறது. சிமெண்டில் கலந்து கட்டியாக்கும்வரை, வாளியின் மூடியை ஒட்டி, சிவப்பு மையில் ‘நஞ்சு’ என்று எழுதி, மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவைத்திருக்கிறேன்.